ரோஜாவைப் பின்னியவள்

கதை எழுதுகிறவன் குரோஷா ஊசியைப் பற்றி எழுத வந்தால், ‘இவனுக்குக் கதைப் பஞ்சம் வந்துவிட்டது போலிருக்கிறது!’ என்றுதான் நேயர்கள் நினைப்பார்கள். பஞ்சம் என்பது சரிதான். ஆனால் கதைப் பஞ்சம் அல்ல, நிஜமான பஞ்சம். பத்து லட்சம் பேரை வாரிக் கொண்டு போன பஞ்சம். இன்று கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொங்குகிறதே, சதுரம் சதுரமாகப் பூக்களைச் சேர்த்துப் பின்னிய சட்டை, அதற்கும் அந்தப் பஞ்சத்துக்கும் உள்ள உறவைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அந்தச் சட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரம். அதன் நடுவே கம்பளி நூலில் ஒரு பூ. சுற்றிலும் பச்சை இலை. அதற்கு வெளியே கறுப்பிலோ வெள்ளையிலோ ஒரு கரை. இப்படிப் பத்துச் சதுரங்களை வரிசையாகச் சேர்த்தால் மார்புச் சுற்று. நாலைச் சேர்த்துச் சுருட்டினால் கை. இங்கிலீஷில் இந்தச் சதுரத்துக்குக் ‘கிரானி ஸ்க்வேர்’ என்று பெயர். பாட்டிச் சதுரம்! யாரோ ஒரு பாட்டி பொழுது போகாமல் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பின்னியது என்ற எண்ணத்தை அந்தப் பெயரே உண்டாக்கிவிடுகிறது. பெயர்கள் சில சமயம் சரித்திரத்தை மூடி வைக்கத்தான் பயன்படுகின்றன.

பூச்சதுரம் எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. பிற்பாடு வரும் விஷயங்கள் அப்போதுதான் விளங்கும். எங்கள் எதிர் வீட்டில் ஓர் அம்மாள் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கைவேலை கற்றுக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒரு மாலை அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, “அம்மா, ஒரு சதுரம் எனக்காகப் பின்னிக் காட்ட வேண்டும்” என்று கேட்டேன்.

“கதையிலே போடுவதற்கா, தம்பி?” என்றார் அவர்.

“கதையிலே இல்லை, கட்டுரையிலே.”

“அப்படியானால் கண்ணை எடுக்காமல் பார். கதையென்றால் தப்பாக எழுதினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்” என்று சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார்.

ஊசி என்றால் தையல் ஊசி அல்ல. நுனியில் ஒரு சின்னக் கொக்கி, அவ்வளவுதான். ஆறு சங்கிலிக் கண்ணிகளைப் போட்டு, தலையையும் வாலையும் இணைத்து ஒரு வளையமாக்கினார். வளையத்தைச் சுற்றி எட்டு வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் குட்டைக் கண்ணி ஒன்று, நடுவே நெட்டைக் கண்ணிகள் சில, மறுபடி குட்டைக் கண்ணி ஒன்று. குட்டையில் ஏறி நெட்டையில் உயர்ந்து குட்டையில் இறங்கினால் அது இதழாகிவிடுகிறது! எட்டு இதழ்கள் முடிந்ததும் அந்த அம்மாள் செய்த காரியம்தான் எனக்கு அதிசயமாயிருந்தது. ஊசியைப் பூவின் முதுகுப் புறமாகக் கொண்டு போய், முன்னால் இருப்பவருக்குத் தெரியாதபடி, இதழ்களுக்குப் பின்னே எட்டு வளைவுகளைக் கட்டினார். அந்த வளைவுகளிலிருந்து முன்னதைவிடப் பெரிதாக இரண்டாவது அடுக்கு இதழ்கள் எழுந்தன. முதல் அடுக்கு தானாகவே மேலே தூக்கி நின்றது. ரோஜா மலர்ந்துவிட்டது.

இனி வட்டத்தைச் சதுரமாக்க வேண்டும். மறுபடியும் பின்புறமாக எட்டு வளைவுகள், பச்சை நூலில். ஒன்று விட்டு ஒன்று மூலை. மூலையில் மட்டும் மூன்று நெட்டைக் கண்ணி, இரண்டு சங்கிலி, மீண்டும் மூன்று நெட்டைக் கண்ணி. நாலு மூலைகளிலும் இப்படிச் செய்ததும், வட்டமாயிருந்த பூ நாலு பக்கமும் இழுத்துக் கட்டிய மாதிரி சதுரமாக நின்றது. கணித சாஸ்திரிகள் வட்டத்தைச் சதுரமாக்க முடியாது என்று நிரூபித்திருக்கிறார்கள். எதிர் வீட்டு அம்மாளுக்கு அந்தச் சமாசாரம் தெரியாது போலும். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

நாலங்குலச் சதுரத்தில் ஓர் ஆள் போடக்கூடிய சட்டைக்குக் கணக்குப் போட்டோம். நாற்பது அங்குலச் சுற்றுக்கு வரிசைக்குப் பத்து, உயரத்துக்கு ஆறு வரிசை, ஆக அறுபது. கை ஒன்றுக்குப் பதினாறு வீதம் முப்பத்திரண்டு. மொத்தம் தொண்ணூற்றிரண்டு சதுரங்கள். அக்குளில் பிடிக்காமலிருக்க, சதுரத்தைப் பாதியாக்கி முக்கோணமாகப் பின்னி இரண்டு மூலைகளில் செருகினால் போதும். கத்தரிக்கோல் துணியைத் தொடவே வேண்டாம். வெட்டுத் துண்டு என்று ஒன்று விழுவதே இல்லை. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இல்லாதவர்கள் கைக்கு இந்த வேலை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குரோஷா மிகப் பழைய கலை என்று பலர் எண்ணுகிறார்கள். பண்டைய எகிப்திலும் கிரேக்கத்திலும் இருந்தது என்றுகூட எழுதுவார்கள். ஆதாரம் கேட்டால் பதில் வராது. ‘குரோஷே’ என்பது பிரெஞ்சு வார்த்தை. சின்னக் கொக்கி என்று அர்த்தம். அந்தப் பெயரைச் சொல்லிப் பின்னும் முறையை விளக்கிய அச்சுப் புத்தகங்களில் நாம் அறிந்த முதலாவது, ஹாலந்து தேசத்தில் 1820-களில் வந்துகொண்டிருந்த ‘பெனலோபி’ என்ற பெண்கள் பத்திரிகை. அதில் இருந்தவை பட்டு நூலில் பின்னும் பணப் பைகள். அதாவது, பணம் வைத்திருந்தவர்களின் பொழுதுபோக்கு. 1840-களில் லண்டனில் ரியேகோ டி லா பிராஞ்சார்டியேர் என்ற நீளமான பெயர் கொண்ட இளம் பெண் குரோஷாப் புத்தகங்களை வரிசையாக வெளியிடத் தொடங்கினாள். தகப்பனார் பிரெஞ்சுக்காரர், தாயார் அயர்லாந்துக்காரி. எழுபதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் அவள் பெயரில் இருக்கின்றன என்றால், நாவலாசிரியர்களே பொறாமைப்பட வேண்டியதுதான். குரோஷா உருவத்தில் இப்படிப் புது நாகரிகமாயிருந்த அதே சமயத்தில்தான் அவளுடைய தாயார் தேசத்தில் உருளைக்கிழங்குச் செடிகள் கறுத்து அழுகத் தொடங்கின.

1845-ஆம் வருஷத்து இலையுதிர் காலம். அயர்லாந்தின் ஏழைக் குடியானவனுக்கு மூன்று வேளையும் உருளைக்கிழங்குதான். அவன் விளைவித்த கோதுமையும் ஓட்ஸும் வளர்த்த மாடும் பன்றியும் நிலச்சுவான்தாருக்கு வாரம் கொடுப்பதற்கு. அவன் வயிற்றுக்கு உருளைக்கிழங்கு. அந்தச் செடியில் ஒரு நோய் விழுந்தது. நேற்றுப் பச்சையாயிருந்த வயல் இன்று கறுப்பு. மண்ணைத் தோண்டினால் துர்நாற்றம் வீசும் கூழ். மறு வருஷம் ஏறக்குறைய விளைச்சல் முழுவதும் போயிற்று. 1848-லும் நோய் திரும்பி வந்தது. 1841-ல் எடுத்த ஜனக் கணக்குப்படி அயர்லாந்தில் 81 லட்சத்து 75 ஆயிரம் பேர். 1851-ல் 65 லட்சத்து 52 ஆயிரம். பசியிலும் விஷ ஜுரத்திலும் மாண்டவர்கள் சுமார் பத்து லட்சம். கப்பலேறிப் போனவர்கள் அதற்கும் மேல்.

இத்தனைக்கும் அந்த வருஷங்களில் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடைகளும் வெண்ணெயும் இங்கிலாந்துக்குப் போய்க் கொண்டுதான் இருந்தன. லண்டன் கஜானாவில் உட்கார்ந்துகொண்டு நிவாரணத்தை நிர்வகித்தவர் சார்லஸ் டிரெவெல்யன் என்ற அதிகாரி. சும்மா சோறு போட்டால் ஜனங்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள் என்ற கவலை அவருக்கு எப்போதும் உண்டு. இந்தப் பெயரை நம்மவர்கள் சிலர் வேறோர் இடத்தில் கேட்டிருக்கலாம். அவரேதான் 1859-ல் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக வந்தவர். வந்த மறு வருஷமே, வருமான வரி போடும் திட்டத்தை எதிர்த்துத் தாம் எழுதிய குறிப்பைப் பகிரங்கப்படுத்தி, அதற்காகத் திருப்பி அழைக்கப்பட்டார். வரி விஷயத்தில் நமக்காகப் பரிந்த கை, அயர்லாந்து விஷயத்தில் ஏன் அவ்வளவு இறுகியிருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. மனிதர்களை அளந்துவிடலாம் என்று நம்புவது கதாசிரியர்களின் பிரமை.

ஆண்களுக்குச் சர்க்கார் ரோடு போடும் வேலை கொடுத்தது. எங்கும் போய்ச் சேராத ரோடுகள் சில இன்னும் மலைச் சரிவுகளில் கிடக்கின்றன. பெண்களுக்கு என்ன வேலை? இங்கேதான் குரோஷா ஊசி உள்ளே நுழைகிறது. கார்க் நகரத்தை அடுத்த பிளாக்ராக்கில் உர்ஸுலைன் கன்னிமாடத்துச் சகோதரிகள் 1845-லேயே ஏழைப் பெண்களுக்கு இதைக் கற்றுக் கொடுத்து வந்தார்கள். 1847-ல் கார்க் நகரத்தில் சுஸன்னா மெரிடித் என்ற அம்மாள் ‘அடிலெய்ட் பள்ளி’யை ஏற்படுத்தினார். கில்டேர் மாவட்டத்தில் தார்ன்டன் என்ற ஊரில் ராபர்ட்ஸ் அம்மாள் குடியானவப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களையே உபாத்தியாயினிகளாக ஊர் ஊராக அனுப்பினார். அந்த உபாத்தியாயினிகளில் ஒருத்தி வடக்கே மோனகன் மாவட்டத்திலுள்ள குளோனிஸ் என்ற சிற்றூருக்குப் போனாள். அவளை வரவழைத்தவர் அவ்வூர்ப் பாதிரியாரின் மனைவி காசாண்ட்ரா ஹேண்ட். கணவருக்கு 1847-ல்தான் அந்த ஊருக்கு மாற்றலாகியிருந்தது. வந்து இறங்கியதும் கண்ட காட்சி, பிணமும் பிச்சையும்.

லேஸ் பின்னுவதில் எத்தனையோ விதம் இருக்க, குரோஷாவை ஏன் பிடித்துக் கொண்டார்கள்? ஐரோப்பியச் சீமாட்டிகள் உயிரை விட்ட லேஸ், பழைய வெனிஸ் நகரத்து ஊசி லேஸ். புடைத்து நிற்கும் பூக்களும் கொடிகளும் கொண்டது. சாதாரண ஊசியால் அதைச் செய்யப் பல வருஷப் பழக்கம் வேண்டும். ஓர் அங்குலம் முடிவதற்குள் கண் போய்விடும். குரோஷாக் கொக்கியால் அதே தோற்றத்தை எத்தனையோ மடங்கு வேகத்தில் கொண்டு வந்துவிடலாம் என்று கண்டார்கள். மூலதனமும் அற்பம். கொஞ்சம் பருத்தி நூல், ஒரு கொக்கி. கொக்கி வாங்கக் காசில்லாதவர்கள் ஊசியின் நுனியை வளைத்து மரத்துண்டில் செருகிக் கொண்டார்கள். பூ புடைத்து நிற்பதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். தடித்த கயிறு போன்ற நூலை உள்ளே வைத்து, அதன் மேல் கண்ணிகளைப் போர்த்திப் பின்னினார்கள். வெனிஸில் சிற்பம் போல் நின்ற ரோஜா, குளோனிஸ் குடிசையில் தானும் தலை நிமிர்ந்து நின்றது. எதிர் வீட்டு அம்மாள் எனக்குக் காட்டிய அந்தப் பின்புற வித்தை, இதழுக்குப் பின்னே வளைவு கட்டி அடுத்த அடுக்கை எழுப்புவது, அந்த ரோஜாவின் வித்தைதான். இன்றைக்கும் அதற்கு ‘ஐரிஷ் ரோஜா’ என்றே பெயர்.

ஆனால் பூவைவிடப் பெரிய விஷயம் வேலையை அவர்கள் பங்கிட்டுக் கொண்ட விதம்.

ஒரு முழு அங்கியை ஒருத்தி பின்னுவதில்லை. ஒரு வீட்டில் ரோஜா. அடுத்த வீட்டில் திராட்சைக் குலை. அதற்கடுத்த வீட்டில் மூவிலைக் கொடி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனக்கென்று ஓர் உருப்படி உண்டு. தாயிடமிருந்து மகளுக்குப் போகும். வேற்றாள் உள்ளே வந்தால் கையிலுள்ளதைச் சட்டென்று மடியில் மறைத்துக் கொள்வார்களாம். எப்படிப் பின்னுகிறோம் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிடக் கூடாது. இதை அற்பப் பொறாமை என்று சிலர் எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன். நான் ஒப்பவில்லை. நிலம் அவளுடையதல்ல, குடிசை அவளுடையதல்ல, நூலுக்கும் பல சமயம் கடன். ஒரு ரோஜாவை இன்ன விதமாய் வளைப்பது என்ற ரகசியம் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்த சொத்து. சொத்துள்ளவர்கள் கதவைத் தாழ்ப்பாள் போட்டால் அதை ஜாக்கிரதை என்கிறோமே!

பூக்களெல்லாம் ஓரிடத்தில் சேரும். அங்கே கை தேர்ந்தவர்கள், அங்கியின் அளவுக்கு வெட்டிய தாளிலோ முரட்டுத் துணியிலோ அவற்றைக் கவிழ்த்துப் பரப்பித் தைத்து வைப்பார்கள். பூவுக்கும் பூவுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தைச் சிலந்தி வலை போல் நூலால் நிரப்புவார்கள். அந்த வலையில் ஆங்காங்கே சின்ன முடிச்சு ஒன்று உருண்டு நிற்கும். அதற்குக் ‘குளோனிஸ் முடிச்சு’ என்றே பெயர் வந்துவிட்டது. எல்லாம் இணைந்த பிறகு அடித் தாளைப் பிரித்து எடுத்தால், துணியே இல்லாத அங்கி, பூக்களால் மட்டுமே ஆன அங்கி, கையில் இருக்கும். குடிசைப் புகை படிந்த நூலைத் துவைத்து வெளுத்து, கஞ்சி போட்டு அனுப்புவார்கள்.

இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனத்தை யோசித்துப் பாருங்கள். ஒரே அறை, மண் தரை, நடுவே புகையும் அடுப்பு, கோழியும் குழந்தையும் குறுக்கே ஓடும். அங்கே சீமாட்டி அணியும் வெள்ளை அங்கியை விரித்து வைத்துப் பின்ன முடியுமா? ரோஜா என்றால் உள்ளங்கைக்குள் அடங்கும். தண்ணீர் எடுக்கப் போகும்போது பையில் போட்டுக் கொள்ளலாம். குழந்தை அழுதால் கீழே வைத்துவிட்டு, தூங்கியதும் விட்ட கண்ணியிலிருந்து தொடரலாம். ஜுரத்தில் படுத்தவள்கூடத் தலையணையில் சாய்ந்துகொண்டு இரண்டு இலை பின்னலாம். முழு நாள் கிடைக்காதவளுக்கு முழு நாளைத் துண்டு போட்டுக் கொடுத்தது இந்த வேலை. பல குடும்பங்கள் பஞ்சத்தைக் கடந்து மறு கரை சேர்ந்ததற்கு அதுவே காரணம்.

அதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். ரோஜா பின்னியவளுக்கு ரோஜாவின் கூலிதான் தெரியும். அங்கி என்ன விலைக்குப் போயிற்று என்பது சேர்த்தவருக்கும் விற்றவருக்கும் வெளிச்சம். தன் ரோஜா எந்த அங்கியில் எந்தத் தோளில் உட்கார்ந்தது என்பதைக்கூட அவள் பார்த்திருக்க மாட்டாள். கூட ஒரு பென்னி வேண்டும் என்று கேட்டால், அடுத்த குடிசையிலும் ஒரு ரோஜா இருக்கிறது. மெரிடித் அம்மாளும் ஹேண்ட் அம்மாளும் நல்லவர்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. மெரிடித் அம்மாள் 1865-ல் இந்த லேஸ்காரிகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் தர்மமாய்த் தொடங்கியது வியாபாரமாகிவிட்ட பிறகு, நல்லவர்களின் மனசு எத்தனை தூரம் செல்லும்? இன்னொரு விசித்திரம், அந்தத் தொழில் தன் தொழிலாளிகளையே ஊரைவிட்டு அனுப்பியது. குரோஷாக் காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அமெரிக்காவுக்குக் கப்பல் சீட்டு வாங்கிய பெண்கள் பலர். ஒருத்தி போய் அடுத்தவளுக்குப் பணம் அனுப்புவாள்.

ஐம்பது வருஷம் கழித்து, 1900-க்குப் பின் வந்த பத்து வருஷங்களில், பாரிஸ் நகரத்து நாகரிகம் இந்த ஐரிஷ் பூக்களின் மேல் மோகம் கொண்டது. கழுத்துப் பட்டை, மேல் கோட்டு, தரையைக் கூட்டும் அங்கி எல்லாம் குரோஷா ரோஜா. அவற்றில் சில இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் பொருட்காட்சி சாலைகளில் இருக்கின்றன. தேசத்தின் பெயர் இருக்கும். உத்தேசமாக வருஷம் இருக்கும். பின்னியவள் பெயர் இருக்கும் இடத்தைத் தேட வேண்டியதில்லை. எந்தப் பெயரைப் போடுவது? இருபது பேரோ முப்பது பேரோ பின்னியிருப்பார்கள்.

மோகம் வந்தால் பின்னோடு போலியும் வரும். ஸாக்ஸனியிலுள்ள பிளாவன் நகரத்திலும் ஸ்விட்ஸர்லாந்தின் ஸாங்க்ட் காலனிலும் இயந்திரக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பட்டுத் துணியின் மேல் பருத்தி நூலால் இயந்திரத்தில் நெருக்கமாய்ப் பூவேலை செய்து, பிறகு பட்டை மட்டும் மருந்தில் கரைத்துவிடுவது. மிச்சம் நிற்பது லேஸ்! தூரத்தில் பார்த்தால் ஐரிஷ் குரோஷா மாதிரியே இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் கண்ணியே இராது, வெறும் தையல். ஆனால் சீமாட்டிகளை யார் அவ்வளவு கிட்டப் போய்ப் பார்க்கிறார்கள்? 1914-ல் யுத்தம் வந்தது. பெண்களின் உடை குட்டையாயிற்று, எளிமையாயிற்று. ரோஜா அங்கிகள் பெட்டிக்குள் போயின.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். சிக்காகோவில் ‘பிரெய்ரி பார்மர்’ என்று குடியானவர்களுக்கான ஒரு பத்திரிகை. கோதுமை விலையும் மாட்டு வைத்தியமும் வருகிற பத்திரிகை. அதில் 1885-ல் குரோஷாவில் ஒரு சதுரம் பின்னும் விதத்தைப் போட்டிருந்தார்கள். நாம் இன்று பாட்டிச் சதுரம் என்று சொல்வதன் அச்சுப் பிரமாணங்களில் இதுவரை அகப்பட்டவற்றுள் இதுதான் பழையது. அயர்லாந்திலிருந்து போனவர்களிடம் கற்றதா, தனியே முளைத்ததா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இரண்டுக்கும் யோசனை ஒன்றே: மடியில் அடங்குகிற துண்டாகப் பின்னு, பிறகு சேர்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அதுதான் எனக்கு முக்கியமாய்ப் படுகிறது. பிரெய்ரிச் சமவெளிக் குடியானவப் பெண் விற்பதற்காகப் பின்னவில்லை. பழைய ஸ்வெட்டரைப் பிரித்து எடுத்த நூல், குழந்தையின் குல்லாய்க்குப் போக மீந்த நூல், நிறம் நிறமாய் ஒரு கூடை. எந்த ஒரு நிறமும் ஒரு போர்வைக்குப் போதாது. ஒரு பூவுக்குப் போதும். பூவும் அவளே, இலையும் அவளே, சேர்ப்பதும் அவளே, குளிருக்குப் போர்த்திக் கொள்வதும் அவளே. அயர்லாந்தில் முப்பது வீடுகளாகச் சிதறியிருந்த வேலை இங்கே ஒரே மடிக்குத் திரும்பி வந்தது. இப்படிப் பின்னிய போர்வைக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் ‘ஆப்கன்’. காபூல் சால்வைக்கும் சிக்காகோக் கூடைக்கும் என்ன சம்பந்தமோ! வார்த்தைகளும் கப்பலேறித்தான் போகின்றன.

போர்வையாகக் கட்டிலில் கிடந்த சதுரம், 1960-களின் கடைசியிலும் 1970-களிலும் எழுந்து நடக்க ஆரம்பித்தது. இயந்திரத் துணியும் கடைச் சட்டையும் வேண்டாமென்று சொன்ன வாலிபர்கள் பாட்டியின் போர்வையைச் சட்டையாகப் போட்டுக் கொண்டார்கள். கையில்லாத மேல்சட்டை, தோளில் கவிழ்க்கும் போன்ச்சோ, பாவாடை, எல்லாம் பூச்சதுரம். பெண்கள் பத்திரிகைகள் மாதிரிகளை அச்சிட்டன. பாட்டிகள் சிரித்திருப்பார்கள்.

நம் பக்கத்துக் கதையையும் சொல்லாமல் விட்டால் அபசாரம். நாகர்கோவிலில் 1820-களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மாள் பெண்களுக்கு லேஸ் கற்றுக் கொடுத்தார். அது குரோஷா அல்ல; திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அடிமை ஜாதிகளென்று ஒதுக்கப்பட்டிருந்த பெண்களில் சிலர் அந்த லேஸ் காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை வாங்கிக் கொண்டார்கள் என்று மிஷனரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். மால்ட் அம்மாளின் மகள் எலைஸா 1844-ல் கல்யாணமாகி இடையன்குடிக்குப் போனபோது லேஸையும் கூடவே கொண்டு போனார். மாப்பிள்ளை வேறு யாருமல்ல, நம் ராபர்ட் கால்டுவெல்தான். அவர் பிறந்தது அயர்லாந்தில்! திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் பற்றிப் பேசும்போது, அதே வீட்டில் சுற்றிக் கொண்டிருந்த நூல் கட்டைகளைப் பற்றி யார் பேசுகிறோம்?

அசல் குரோஷா வேரூன்றியது வடக்கே, கோதாவரி டெல்டாவில் நரசாபுரம் பக்கத்தில். அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகள் கொண்டு வந்ததுதான். மரியா மீஸ் என்ற ஜெர்மன் அம்மாள் அங்கே போய்த் தங்கி விசாரித்து, 1982-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதைப் படித்தபோது குளோனிஸுக்கே திரும்பிவிட்டேனோ என்று தோன்றியது. பூ பின்னுகிறவள் ஒருத்தி. பூக்களை ஒட்டுகிறவள் இன்னொருத்தி. இருவருக்கும் நடுவே தரகர். அவருக்கு மேலே ஏற்றுமதி வியாபாரி. நாளெல்லாம் பின்னினாலும் ஒரு ரூபாய்கூடத் தேறாத கூலி. அந்தப் பெண்களைத் தொழிலாளிகள் என்று வியாபாரிகள் சொல்வதில்லை. ‘வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள்’ என்பார்களாம். ஓய்வு நேரம்! லேஸ் லட்சக் கணக்கில் கடல் கடந்து போய்க் கொண்டிருந்த காலம் அது.

கடைசியாக ஒரு செய்தி. காலுறை பின்னும் இயந்திரம் 1589-லேயே வந்துவிட்டது. வில்லியம் லீ என்ற இங்கிலீஷ்காரர் செய்தார். இரண்டு ஊசியால் பின்னும்போது ஒரு வரிசைக் கண்ணி முழுவதும் ஊசியிலேயே ஒழுங்காகக் காத்திருக்கிறது. இயந்திரத்துக்கு அது சௌகரியம். குரோஷாவில் ஊசியில் இருப்பது ஒரே ஒரு கண்ணி. அடுத்த குத்து முன்னாலா, பின்னாலா, இதழின் முதுகிலா என்பதைக் கை ஒவ்வொரு தடவையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் தொழிற்சாலையில் வைத்து ஓட்டக்கூடிய குரோஷா இயந்திரம் இன்றுவரை வரவில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் முயன்றுகொண்டிருக்கிறார்கள். ஆகவே, நீங்கள் கடையில் பார்க்கும் பூச்சதுரச் சட்டை அசல் குரோஷாவாக இருந்தால், அதன் விலைச் சீட்டில் என்ன போட்டிருந்தாலும் சரி, ஒவ்வொரு கண்ணியையும் எங்கேயோ ஒரு மனுஷி, அல்லது மனுஷன், கையால் போட்டிருக்கிறார்.

எதிர் வீட்டு அம்மாளின் கணக்குப்படி தொண்ணூற்றிரண்டு சதுரம், முக்கால் மணி வீதம், அறுபத்தொன்பது மணி நேரம். அது சேர்க்கும் நேரத்தைச் சேர்க்காமல்.

“இன்னொன்றை விட்டுவிட்டாயே, தம்பி” என்றார் அவர், சதுரத்தைத் திருப்பி முதுகுப் புறத்தைக் காட்டி. நிறம் மாறும் ஒவ்வோரிடத்திலும் ஒரு நூல் முனை தொங்கிக் கொண்டிருந்தது. நாலு நிறம், நிறத்துக்கு இரண்டு முனை, சதுரத்துக்கு எட்டு. சட்டை முழுவதுக்கும் எழுநூற்று முப்பத்தாறு. அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தையல் ஊசியில் கோத்து, கண்ணிகளுக்குள் முன்னும் பின்னுமாக ஓட்டி மறைக்க வேண்டும். அவசரப்பட்டு ஒட்ட நறுக்கினால், இரண்டு துவையலில் பூ பிரிந்துவிடும்.

“கடைச் சட்டை வாங்கினால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்” என்றார். “கூலி சரியாகக் கொடுத்தானா இல்லையா என்பது உட்புறத்தில் தெரிந்துவிடும்.”